பயனர் தரும் முகவரி

 

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் விண்டோஸ் திரைகள் நீலமாகி நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், 20 உள்ளீடுகளே இருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போனதுதான் காரணம். சாதாரணச் செயலி இதைச் செய்திருந்தால் அந்தச் செயலி மட்டும் நின்றிருக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இயங்கும் டிரைவர் செய்ததால் கணினியே நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அப்படி நின்ற கணினிகள் 85 இலட்சம்.

வன்பொருள் தரும் நினைவகக் காவல் செயலிகளைத் தடுக்கிறது, டிரைவரைத் தடுப்பதில்லை. டிரைவர்களின் பிழை விகிதம் கர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை கூடுதல் என்று லினக்ஸை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு குழு 2001இலேயே சொல்லிவிட்டது. அதிக அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் அதிகப் பிழையும் இருக்கிறது. இது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நான் அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான்: பயனர் நிரல் தரும் முகவரியை டிரைவர் நம்பக் கூடாது. டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் அழைப்பில் ஒரு நிரல் முகவரி தந்து, விடையை அங்கே எழுதச் சொல்கிறது. அந்த முகவரி கர்னலின் நினைவகத்துக்குள் இருந்தால், சரிபார்க்காத டிரைவர் அந்த நிரலால் தொட முடியாத இடத்தில் அதற்காகத் தானே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸின் 'காப்பி டு யூசர்' முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. பக்கம் இல்லாவிட்டால் கர்னலை வீழ்த்தாமல், நகலெடுக்க முடியாமற்போன பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது.

இன்டெல் 2014இல் பிராட்வெல் சில்லுகளில் கொண்டுவந்த ஸ்மாப், கர்னல் பயனர் பக்கத்தை நேரடியாகத் தொட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் வந்த முகவரி கர்னலுடையது என்றால் ஸ்மாப் வாய் திறக்காது. அங்கே நிரலாளரின் சரிபார்ப்பு மட்டுமே துணை.

பயனர் தரும் மதிப்புகளின் சரிபார்ப்பும், அவற்றை ஒருமுறை கர்னலுக்குள் நகலெடுத்த பிறகே நடக்க வேண்டும். நீளத்தைப் படித்துச் சரிபார்த்துவிட்டுப் பயனர் நினைவகத்திலிருந்தே மறுபடி படித்தால், இடையில் இன்னொரு திரெட் அதை மாற்றிவிடலாம். மத்தேயுஷ் யுர்ச்சிக்கும் கின்வேல் கோல்ட்விண்டும் 2013இல் விண்டோஸ் கர்னலில் இத்தகைய பிழைகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தார்கள்.

நினைவகத்தை நிரலின் முகவரிகளோடு நேரடியாக இணைக்கும் எம்மேப் வழியாக அதைப் பயனருக்குத் திறந்துவிடுவது இதைவிட ஆபத்தானது. 2012 டிசம்பரில் வெளிப்பட்ட 'எக்ஸினோஸ் மெம்' கோளாறை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்3, நோட் 2 போன்ற கைபேசிகளில் கேமராவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் வசதியாக வைக்கப்பட்ட ஒரு டிவைஸ் கோப்பு, எந்தச் செயலியும் இயற்பு நினைவகம் முழுவதையும் படிக்கவும் எழுதவும் இடம் கொடுத்தது. எந்தப் பகுதியைத் தரலாம் என்ற எல்லையும் இல்லை, யாருக்குத் தரலாம் என்ற அனுமதிக் கட்டுப்பாடும் இல்லை. கடவுச்சொல்லோ நுட்பமான தாக்குதலோ தேவைப்படாமலே ரூட் அதிகாரம் கிடைத்தது.

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் ரஸ்ட் மொழிக்கும் கர்னலில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லை மீறிப் படிக்கும் பிழைகளை அது வெகுவாகக் குறைக்கும். மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்த நினைவகத்தை யாருக்குத் திறப்பது என்பதை எந்த மொழியும் தானே தீர்மானிக்காது. அந்த டிரைவரை ரஸ்டில் எழுதியிருந்தாலும் எக்ஸினோஸ் கோளாறு நேர்ந்திருக்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். டிரைவர் எழுதும் ஆய்வகப் பயிற்சியில் சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்ததும் மதிப்பெண் தந்துவிடாதீர்கள். கர்னல் முகவரியையும், இல்லாத பக்கத்தையும், பாதியில் மாறும் நீளத்தையும் தந்து சோதியுங்கள். அவற்றையும் தாங்கும் டிரைவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள். கட்டுரையாளர்களும் தங்கள் டிரைவர் தோற்ற இடங்களை இந்த மேடையில் மறைக்காமல் முன்வைக்க வேண்டுகிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.