வாவிக்கரைப் பாதங்கள்

நீரிழிவு நோயாளரின் பாதத்தில் புண் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அப்பாதம் வலியை இழந்துவிடுகிறது. மட்டக்களப்புப் பேச்சு வழக்கில் ‘சீனி வருத்தம்’ எனப்படும் இந்நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி நீடிக்கும்போது, இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சீனி உடலின் மிக நீண்ட நரம்புகளான கால் நரம்புகளை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பழுதாக்குகிறது. சிலருக்கு எரிவும் விறைப்பும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் முதலில் தோன்றும். பலருக்கு எந்த முன்னறிவிப்புமின்றி உணர்ச்சி மெல்ல மெல்லக் கரைந்துபோகும். வியர்வை சுரக்கச் செய்யும் நரம்புகளும் உடன் பழுதாவதால் தோல் வறண்டு குதிக்கால் வெடிக்கிறது. இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருந்தால், காயம் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் அங்கு போய்ச் சேர்வதில்லை. வலி தெரியாதவர் காயத்தின் மேலேயே நடக்கிறார். நடக்க நடக்க அது ஆழமாகி, துர்நாற்றமோ காய்ச்சலோ தோன்றிய பின்னரே வீட்டார் காலைத் திருப்பிப் பார்க்கின்றனர்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் கொண்ட மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும், அதாவது கடலோரமான எழுவான்கரையிலும் மேற்கேயுள்ள படுவான்கரையிலும், மனித வாழ்க்கை பெரும்பாலும் வெறுங்காலில் நடப்பதாகும். ‘வட்டை’ எனப்படும் படுவான்கரை வயல்வெளிகளில் சேற்றில் இறங்கி நாற்று நடுபவரும், இடுப்பளவு உவர்நீரில் நின்று வலை வீசுபவரும், கண்டல் வேர்களுக்கிடையே நண்டு பிடிப்பவரும் காலணி அணிந்து அவ்வேலையைச் செய்வது அரிது. உடைந்த மட்டி ஓடும் கெளிறு மீனின் முள்ளும் வயல்வரம்பில் கிடக்கும் கண்ணாடித் துண்டும் குத்தும்போது, நலமுடைய கால் தானாகவே விலகிக்கொள்ளும். உணர்ச்சியற்ற கால் விலகாது. இத்தகைய கால்கள் இப்பகுதியில் எத்தனை என்ற கணக்குக்கூட நெடுங்காலம் எடுக்கப்படவில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்டு, 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்ட பெரிய ஆய்வு, நாட்டின் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நடைபெற்றது. போர் நடந்துகொண்டிருந்த வடக்கும் கிழக்கும் அதில் இடம்பெறவில்லை.

எனினும் வலியற்ற பாதம் என்பது இவ்வாவிக்குப் புதிய செய்தியன்று. வாவியின் நடுவே அமைந்த மாந்தீவில், பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலிருந்து தொழுநோயாளருக்கான மருத்துவமனை ஒன்று இருந்து வந்தது. தொழுநோயில் விரல்களும் பாதங்களும் அழிவது, நோய் தசையைத் தின்பதால்தான் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சையாளர் பால் பிராண்ட், நோயாளரின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து, நோய் பறிப்பது பெரிதும் உணர்ச்சியையே என்றும், சூடான பாத்திரம், உராயும் காலணி, இரவில் கடிக்கும் எலி ஆகியவற்றால் அறியாமல் ஏற்படும் காயங்களே உறுப்பை அழிக்கின்றன என்றும் காட்டினார். வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரியிலும் அழுத்தத்தைப் பரவச் செய்யும் மென்மையான இரப்பர் அடித்தளம் கொண்ட செருப்புகள் உருவாயின. 1966இல் அவர் அமெரிக்காவின் காவில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், அதே அறிவு நீரிழிவுப் பாதத்துக்கும் கடத்தப்பட்டது. இன்று மருத்துவமனைகளில் பாத உணர்ச்சியைச் சோதிக்க, அழுத்தும்போது வளைந்து 10 கிராம் விசையை மட்டும் செலுத்தும் மெல்லிய நைலோன் இழை பயன்படுகிறது. அச்சோதனை வளர்ந்த வரலாற்றிலும் தொழுநோய் மருத்துவத்தின் பங்கு பெரிது. மாந்தீவுக்குத் தோணியில் கொண்டுசெல்லப்பட்டோரைப் போன்ற நோயாளரின் துன்பம் கற்றுத்தந்த பாடம், வாவியின் இரு கரைகளிலும் இன்று வாழ்வோருக்குத் தேவைப்படுகிறது.

அந்தப் பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதே கடினமான பகுதி. சென்னை இராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்த விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதப் பராமரிப்பு அறிவுரையைத் தவறாது கடைப்பிடித்தவர்களில் 82 சதவீதத்தினருக்கும், கடைப்பிடிக்காதவர்களில் 50 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. இவ்வேறுபாடு முழுவதும் அறிவுரையின் பயன் என்று கொள்வது மிகையாகும். கடைப்பிடிக்க இயன்றவர்களுக்குப் பணமும் ஓய்வும் வீட்டுத் துணையும் கூடுதலாக இருந்திருக்கக்கூடும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த மதிப்பீடுகளும், வகுப்பெடுத்தால் நோயாளரின் அறிவு கூடுகிறது என்பதை உறுதிசெய்தனவேயன்றி, வகுப்பு மட்டுமே புண்ணைத் தடுக்கிறது என்பதை உறுதியாக நிறுவவில்லை. ஆகவே கிளினிக் வாங்கில் விடியற்காலை முதல் காத்திருந்து களைத்தவரிடம் பத்து அறிவுரைகளை வாசித்துக் காட்டுவது கற்பித்தலாகாது. அவரது செருப்பைக் கழற்றச் செய்து, அவரது காலையே பாடநூலாக வைத்து, அவருடன் வந்த மனைவியையோ மகனையோ அருகில் இருத்தி, சொல்லியதை அவர்களைக் கொண்டே செய்து காட்டச் செய்வதுதான் கற்பித்தல். வலியின் வேலையை இனிக் கண்ணும் இன்னொருவர் கையும் செய்ய வேண்டியிருப்பதால், மாணவர் ஒருவரல்லர். முழு வீடுமே மாணவராகிறது.

கருவி எதுவுமின்றி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றை இங்கிலாந்தின் இப்சுவிச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்டனர். நோயாளர் காலை நீட்டிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ள, வீட்டிலுள்ள ஒருவர் தமது சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஒன்றிரண்டு வினாடிகள் மட்டும் மிக மென்மையாகத் தொடுகிறார். அழுத்துவதோ தட்டுவதோ தடவுவதோ கூடாது. அழுத்தினால் ஆழத்திலுள்ள வேறு உணர்ச்சி விழித்து, இல்லாத நலத்தை இருப்பதாகக் காட்டிவிடும். தொடுகை தெரியும்போது நோயாளர் ‘வலது’ என்றோ ‘இடது’ என்றோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மீண்டும் தொட்டுப் பார்க்கக் கூடாது. பெத்தம்மாவின் காலருகே அமர்ந்த பேத்தி தொட்டுவிட்டுக் காத்திருக்க, மூடிய கண்களுடன் பெத்தம்மா ‘இன்னும் தொடல்லியா?’ என்று கேட்பாரானால், அந்தக் கேள்வியே விடையாகும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லை எனில், அப்பாதம் ஆபத்துக்குட்பட்ட பாதமாகக் கொள்ளப்பட்டு மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.

நாள்தோறும் பார்ப்பதற்கு வேளை ஒன்றைத் தனியே தேட வேண்டியதில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்வோர் ஒவ்வொரு முறையும் காலைக் கழுவுகின்றனர்; கழுவியதும் விரலிடுக்கை ஒரு துணியால் ஒற்றித் துடைத்து ஒருமுறை உற்றுப்பார்த்தால் போதும். வயலிலிருந்து திரும்புவோருக்குக் கிணற்றடி அந்த இடமாகலாம். குனிந்து பார்க்க இயலாதவர் தரையில் முகக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கண்பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்க்க வேண்டும். விரலிடுக்கு ஈரமாக இருந்தால் சேற்றுப்புண் உண்டாகும் என்பதால், வறண்ட குதிக்காலுக்குப் பூசும் தேங்காயெண்ணெயை அங்கு பூசலாகாது. காய்ப்பையும் ஆணியையும் பிளேட்டால் சீவுவதும், கடைகளில் விற்கும் ஆணி மருந்தை ஒட்டுவதும், விறைப்புப் போகுமென்று சுடுநீரில் காலை வைப்பதும் பெருங்காயங்களுக்குத் தொடக்கமாகின்றன. விரலிடுக்கில் வார் கொண்ட சாதாரணச் செருப்பு, உணர்ச்சியற்ற காலிலிருந்து தெரியாமலே கழன்றுவிடும். வாரும் இடுக்கை அறுக்கும். குதிக்காலின் பின்னால் வார் உடையதும் விரல்களை நெருக்காததுமான காலணியே தகும். அதை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குவதும், அணியுமுன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கங்கள்.

வழிபாடு சார்ந்த வெறுங்கால் நடையைப் பற்றிப் பேசும்போது கூடுதல் மதிப்பும் பொறுமையும் வேண்டும். கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளினூடே நடப்பவருக்கும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதிக்க நேர்ந்திருப்பவருக்கும், அது உயிரோடு ஒட்டிய நேர்த்தி. அதை அறியாமை என்று சொல்பவரின் மற்ற அறிவுரைகளும் கேட்கப்படமாட்டா. ஆனால் வெயிலில் கொதிக்கும் ஆலய வெளிவீதி மணல் உணர்ச்சியற்ற உள்ளங்காலைக் கொப்பளிக்கச் செய்யும் என்பதை ஆலய நிர்வாகியான வண்ணக்கரிடமும் பூசகரான கப்புகனாரிடமும் எடுத்துச் சொல்லி, நோயாளர் வெளிவீதியில் துணிக் காலணி அணியவோ வெயில் தாழ்ந்தபின் வழிபடவோ அவர்கள் வாயாலேயே இசைவு சொல்லச் செய்தால், அச்சொல்லுக்கு எந்தச் சுவரொட்டிக்கும் இல்லாத வலிமை உண்டு.

காயம் பட்டுவிட்டால், சுத்தமான நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றோ மறுநாளோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பச்சிலையோ வைத்துக் காத்திருக்கும் நாள்கள் காலைக் கேட்கும் நாள்களாகிவிடலாம். மாரிக்காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. வயற்சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிரியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் கடும் தொற்று கிழக்கிலும் கண்டறியப்பட்டுள்ளது. அது மழைக்காலத்தில் மிகுவதோடு, நீரிழிவு உள்ளவர்களையே பெரிதும் தாக்குகிறது. ஆகவே பெரும்போக வேலைக்கு வட்டையில் இறங்கும் நோயாளருக்குச் சேற்றுச் சப்பாத்து வேண்டும். நாட்கூலியில் வாழ்பவரிடம் அதை வாங்கு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. விதைநெல்லையும் உரத்தையும் போல அதையும் செலவுக் கணக்கில் சேர்க்குமாறு கமக்காரர் அமைப்புகளிடம் பேசுவதும் பாதக் கல்வியின் வேலையே.

இவ்வாரம் வீட்டில் தொடுகைச் சோதனையைச் செய்பவர்கள், எத்தனை விரல்கள் உணர்ந்தன என்பதை, ‘ஆறில் நான்கு’ என்பது போல, திகதியிட்டுக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு செல்லலாம். மருந்து எழுதுவதற்காகக் கொப்பியைத் திறப்பவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, செருப்பைக் கழற்றிக் காலை முன்னே நீட்டுவதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.