குழந்தையின் மருந்துச் சீட்டு

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளினிக்குக்கு ஓடுகிறோம். மருந்து கைக்கு வந்ததும் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். சீட்டில் எது எழுதியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

குழந்தைக்கு மருந்தின் அளவு அதன் எடையைப் பொறுத்தது. ஆகவே பெயர், தேதி, மருத்துவரின் கையெழுத்து ஆகியவற்றோடு வயதும் எடையும் இருந்தால்தான் அது நிறைவான சீட்டு. அடுத்து, மருந்தின் பெயர், அதன் வீரியம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி லிட்டர், நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பனவும் வேண்டும்.

வீரியம் எதற்கு? நாமெல்லாம் அறிந்த பாரசிட்டமோல் காய்ச்சல் மருந்தையே எடுத்துக்கொள்வோம். 5 மில்லி லிட்டரில் 120 மில்லி கிராம் உள்ளதும் உண்டு. 250 மில்லி கிராம் உள்ளதும் உண்டு. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லி கிராமுக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு அது 180 மில்லி கிராம். முதல் வகையில் ஏழரை மில்லி லிட்டர். அதே ஏழரையை இரண்டாம் வகையில் கொடுத்தால் 375 மில்லி கிராம் உள்ளே போய்விடும். இரு மடங்குக்கும் மேல்! இது தொடர்ந்தால் பிள்ளையின் ஈரல் கெடக்கூடும். அக்காவுக்கு வாங்கிய போத்தலிலிருந்து தம்பிக்கு ஊற்றும்போது இத்தகைய தவறு நேர்கிறது.

கிளினிக்கிலேயே மருந்து கொடுத்துவிட்டால், போத்தலில் ஒட்டிய தாள்தான் நமக்குச் சீட்டு. 'செபெலும் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன். 'செலெப்பாஸ் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின். நாம் வேலைக்குப் போனபின் மருந்து கொடுப்பவர் பாட்டியானால், பள்ளிப் பிள்ளையைக் கொண்டு அளவையும் நேரத்தையும் தமிழில் எழுதி ஒட்டுவோம். வீட்டுக் கரண்டியால் அளக்க வேண்டாம். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அளவு மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ கேட்டு வாங்குவோம்.

ஏதேனும் விடுபட்டிருந்தால், "டாக்டர், பிள்ளையின் எடையைப் பார்த்தீர்களா? ஒரு வேளைக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்போம். முன்பு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பு கண்டிருந்தால் அதையும் சொல்லுவோம்.

வரிசை நீளமாக இருக்கலாம். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று. ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டே வீடு திரும்புவோம்.