"அது எங்க லிமிட் இல்ல தம்பி!"

(ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் ஐ.டி. அணி பயிலரங்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.)



காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது, பஸ் ஸ்டாப்புல நின்ன என் கையிலிருந்து செல்போனைப் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கமா? அது எங்க லிமிட் இல்ல தம்பி"ன்னாங்க. அடுத்த ஸ்டேஷனுக்குப் போனா, "பஸ் ஸ்டாப் அவங்க லிமிட்"னாங்க. ராத்திரி 11 மணிக்கு, புகாரே கொடுக்காம வீட்டுக்குத் திரும்பினேன்.

நம்ம ஊர்ல காவல்துறை மாநில அரசோடது. ஆவடிக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே துறை. அதுக்கே இந்த நிலைமை! ஒவ்வொரு குட்டி நகராட்சியும் தனக்குன்னு ஒரு போலீஸ் வெச்சிருந்தா எப்படி இருக்கும்?

அமெரிக்காவுல அப்படித்தான் இருக்கு. மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியை எடுத்துக்கோங்க. கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. அங்க சுமார் 90 நகராட்சிகள். அதுல பாதிக்கு மேல தனித்தனி போலீஸ் வெச்சிருந்தன. சில ஊர்ல 3,000 பேர்கூடக் கிடையாது. வரி வருமானம் குறைவு. போலீஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? அபராதத்துல இருந்து! காவலருடைய வேலை திருடனைப் பிடிக்கிறதா, சலான் போடுறதா?

2014 ஆகஸ்ட்ல, அந்தக் கவுன்ட்டியின் ஃபெர்குசன் நகரத்துல மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மக்கள் தெருவுக்கு வந்தாங்க. 2015 மார்ச்சில் வந்த அமெரிக்க நீதித்துறையின் அறிக்கை, ஃபெர்குசன் போலீஸ் மக்கள் பாதுகாப்பைவிட நகராட்சி வருமானத்தையே பெரிதாக நினைத்தது என்று சொன்னது. அதே ஆண்டு மிசௌரி சட்டமன்றம், போக்குவரத்து அபராதத்தில் ஊர்கள் சம்பாதிக்கும் வரம்பை இறுக்கியது.

தனியா போலீஸ் வெச்சுக்க முடியாத ஊர்கள் என்ன செஞ்சாங்க? கை கோத்தாங்க. வினிடா பார்க் என்ற குட்டி நகரம் முன்னால நின்னுச்சு. வெல்ஸ்டன், சார்லாக் மாதிரியான அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்தன. "நார்த் கவுன்ட்டி போலீஸ் கோஆப்பரேட்டிவ்" என்று ஒரே கூட்டுப் போலீஸ் உருவாச்சு.

கேட்க ஈஸியா இருக்கு, இல்ல? ரூம்ல நாலு பேர் சேர்ந்து இருந்தவங்களுக்குத் தெரியும், இபி பில்லைப் பிரிக்கும்போதுதான் சண்டை வரும்! இப்படிப்பட்ட பேச்சுவார்த்தையில நாலு கேள்விக்குப் பதில் வேணும்.

1. செலவை எப்படிப் பிரிப்பது? தலைக்கு இவ்வளவுன்னு போட்டா, அமைதியான ஊர் "எங்களுக்கு அழைப்பே வர்றதில்லையே"ன்னு கேட்கும். வர்ற அழைப்பை எண்ணிப் போட்டா, பெரிய கடைத்தெரு இருக்கிற ஊர் திணறும். அதைவிட மோசம், பில்லுக்குப் பயந்து "போலீஸைக் கூப்பிடாதீங்க"ன்னு மக்களுக்கே சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. ரோந்து நேரம் இவ்வளவுன்னு வாங்கிக்கிறது இன்னொரு வழி.

2. தலைமை அதிகாரி யாருக்குப் பதில் சொல்லணும்? பணம் எல்லா ஊரும் கொடுக்கும். உத்தரவு ஒரே ஊர்தான் போடும்னா, மத்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு என்ன பயன்? எல்லா ஊருக்கும் இடம் உள்ள குழு வேணும். புகார் கேட்கவும் ஒரு இடம் வேணும்.

3. அபராதப் பணம் யாருக்கு? இதை எழுதாம விட்டா பழைய கதை புதுச் சட்டை போட்டு வரும்.

4. ஒரு ஊர் விலகினா? மிச்ச ஊர்கள் தலையில் சம்பளச் சுமை விழும். அதனால முன்கூட்டியே எவ்வளவு காலத்துக்கு முன்னாடி சொல்லணும்னு எழுதி வைக்கணும்.

இது புது யோசனை இல்லை. 1954-லேயே கலிபோர்னியாவின் லேக்வுட் நகரம் தனி போலீஸ் வேண்டாம்னு கவுன்ட்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டது. இன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் 88 நகரங்களில் 40-க்கும் மேல் அப்படித்தான். ஆனா அங்கயும் விலையை நகரசபை தனியா முடிவு பண்ண முடியாது. பணம் மிச்சமாகும், பிடி கொஞ்சம் தளரும். ரெண்டையும் எடை போட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

நமக்கு இதுல என்ன பாடம்? எல்லைக்கோடு அதிகாரிகளோட வசதிக்கு. ஆபத்துல இருக்கிறவங்க கோட்டைப் பார்த்துட்டு ஓட மாட்டாங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173-ன்படி, போலீஸ் நேரடியா வழக்குப் பதியக்கூடிய குற்றம் எந்த இடத்துல நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு சொல்றாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இன்னிக்கு உங்களுக்குத் தெரியும்.

உங்க வார்டுல யாரையாவது "எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா, நீங்க கூடப் போய் நில்லுங்க. சட்டப் பிரிவைச் சொல்லுங்க. அதுதான் நம்ம வேலை.