மறுபடி மடங்கும் விரல்கள்

(மாணவர், இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். இன்னைக்கு அது வேண்டாம். ஒரு கையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. முதியோர் பென்ஷன் வாங்க ஒரு அம்மா வந்தார். நாற்று நட்டு, களையெடுத்துக் காய்த்துப் போன கை. ரேகை எந்திரத்தில் வைக்கச் சொன்னால் நாலு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கிறது. வரிசையில் நின்றவர்கள் ஓரடி தள்ளிப் போனார்கள். நான் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன், பதிந்தது.

"ஆஸ்பத்திரில மாவுக்கட்டுப் போட்டு நிமித்தி உட்டாங்க சார். ரெண்டு நடவுக்குள்ள மறுபடி மடங்கிப் போச்சி. நீதான் ஒழுங்கா பாத்துக்கலன்னு திட்றாங்க" என்றார். தொழுநோய் எப்போதோ குணமானவர் அவர்.

மறுபடி மடங்கியதற்கு யார் பொறுப்பு? இதுதான் என் கேள்வி.

தொழுநோய் விரலைத் தின்பதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு கெட்டால், கைக்குள் இருக்கிற சிறு தசைகள் செயலிழந்து விரல் மடங்குகிறது. உணர்ச்சியும் போகிறது. சூடு தெரியாது, முள் தெரியாது. காயம்பட்டு, சீழ்பிடித்து, அப்படித்தான் விரல் குறைகிறது. கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் இதை எடுத்துக்காட்டினார்.

மடங்கிய விரல் ஆரம்பத்தில் இளக்கமாக இருக்கும். மற்றக் கையால் நிமிர்த்தினால் நிமிரும். விட்டுவிட்டால் தோலும் மூட்டும் இறுகிப் போகும். எந்த வைத்தியம் என்பது இந்தக் கட்டத்தைப் பொறுத்தது.

நரம்பு கெட்ட 6 மாதத்துக்குள் வந்தால் பிரெட்னிசோலோன் மாத்திரை. மருத்துவர் கண்காணிப்பில் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். பலருக்கு நரம்பு ஓரளவு மீள்கிறது.

அடுத்தது தண்ணீரும் எண்ணெயும். கையை 20 நிமிடம் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் தடவி, புறங்கையைத் தொடைமேல் வைத்து, மற்றக் கையால் விரல்களை நீவி நிமிர்த்துவது. விரல் இறுகாமல் இது காக்கும். செயலிழந்த தசைக்கு உயிர் தராது. அதனால் நிறுத்தினால் விரல் இறுகத் தொடங்கும். தினமும் செய்ய வேண்டும்.

இறுகத் தொடங்கிய விரலுக்கு மாவுக்கட்டு. முரட்டுத்தனமாக இழுக்காமல், போகிற மட்டும் நிமிர்த்திக் கட்டுவார்கள். சில நாளுக்கொரு தடவை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுகட்டு. பிறகு ராத்திரியில் சிம்பு. வெறும் நீவலுக்கு அசையாத விரலும் இதற்கு இளகலாம். ஆனால் மரத்த தோலில் கட்டு அழுத்தினால் புண்ணாகும், வலிக்காததால் தெரியாது. பழகிய கைதான் கட்ட வேண்டும்.

கடைசியில் கத்தி. வேலை செய்கிற தசைநாண் ஒன்றை இடம் மாற்றி விரலுக்குக் கொடுப்பது. பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூரில் இதைத் தொடங்கினார். விரலை நிமிர்த்தும் விசை இதில்தான் திரும்புகிறது, உணர்ச்சி திரும்பாது. அதுவும் மூட்டு இளகியிருந்தால்தான் பலன். எனவே எண்ணெயும் மாவுக்கட்டும் கத்திக்கு மாற்று அல்ல. கத்திக்கு முந்தின படி.

எது சுலபம்? கத்தியில்லாத வைத்தியத்துக்குச் செலவில்லை என்கிறார்கள். யாருக்குச் செலவில்லை? எண்ணெய் நீவ நேரம் வேண்டும். மாவுக்கட்டோடு சேற்றில் இறங்க முடியாது. ஒவ்வொரு மறுகட்டும் ஒருநாள் கூலி. அறுவைக்குப் பிறகு 3 வாரம் கட்டு, அப்புறமும் வாரக்கணக்கில் பயிற்சி. அறுவை செய்துகொள்கிறவர்களுக்கு அரசு 8,000 ரூபாய் கொடுத்து, பின்னர் 12,000 ஆக்கியது. மாவுக்கட்டுக்கு அலைகிற நாட்களின் கூலி அந்தக் கணக்கில் வராது.

கிருமிக்குச் சாதி தெரியாது. அந்த அம்மாவை மறுபடி சேற்றில் இறக்கிய நிலவுடைமைக்குத் தெரியும். நிலமில்லாதவரிடம் கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஓய்வு தேவைப்படும் கையை ஓய்வில்லாத உழைப்புக்கு அனுப்பிவிட்டு, 'நீதான் பாத்துக்கல' என்பது வைத்தியம் அல்ல, தோழர்களே. தீர்ப்பு.

தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பது 2019வரை சட்டத்தில் இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக 2005இல் அறிவித்தார்கள். 2023இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இனி நம்மைப் பற்றி. டீக்கடைத் தனிக்குவளையை எதிர்த்து நின்றவர்கள் நாம். நம் சேரியிலேயே இந்த நோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கிறோமா இல்லையா? வைக்கிறோம். ஒதுங்கி நில் என்ற சொல்லின் வலி தெரிந்த நாமே அதைச் சொன்னால் எப்படி?

ஊருக்குப் போனதும் செய்யுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம். மரத்த கையால் வேலை செய்கிறவரின் மண்வெட்டிப் பிடிக்குத் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிக் கொடுங்கள். மாலையில் அந்தக் கையில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். வைத்திய நாளுக்குக் கூலி கேட்டு மனுப் போடுங்கள், போராடுங்கள்.

முதலில் அந்தக் கையைத் தொடுங்கள்.