ஏழு புரதங்களும் ஒரு ரப்பர் மூடியும்

நுண்ணுயிரியலில் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

1928 ஜனவரி 27. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் என்னும் ஊர். தொண்டை அடைப்பான் நோயைத் தடுக்க அன்று 21 குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 12 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மறுநாள் பொழுது சாய்வதற்குள்.

அதே குப்பியிலிருந்து அந்த மாதத்திலேயே முன்பும் ஊசி போட்டிருந்தார்கள். அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சார்லஸ் கெல்லவே தலைமையில் அமைந்த விசாரணைக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. மருந்தில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஊசி பலமுறை துளைத்த ரப்பர் மூடி, கடும் கோடை. உள்ளே நுழைந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பெருகிவிட்டது. பிழைத்த குழந்தைகளின் சீழ்க்கட்டிகளிலும் அதே கிருமிதான் இருந்தது. மெல்பர்னில் இளம் ஆய்வாளராக இருந்த மக்ஃபார்லேன் பர்னெட் அதன் நச்சைத் துருவி ஆராயத் தொடங்கியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

அந்தக் கிருமியின் முதன்மையான நச்சு ஆல்ஃபா நச்சு. தேர்வுக்கு அதன் படத்தை நீங்கள் வரைந்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்து திரியும் தனிப் புரதம் அது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏடிஏஎம்10 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. ஏழு வந்து சேர்ந்ததும் வளையமாகிக் காளான் வடிவம் எடுக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு இழைகளை நீட்ட, பதினான்கும் கூடி, சவ்வை ஊடுருவும் குழாயாகின்றன. பொட்டாசியம் வெளியே ஒழுகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. செல் சும்மா இருப்பதில்லை. துளைகள் சிலவானால் செப்பனிடப் பார்க்கிறது. பொட்டாசியம் குறைவதையே அபாயக் குறியாக எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுகிறது. துளைகள் பெருகினால் செத்துப்போகிறது. ஏடிஏஎம்10 நிறைய உள்ள செல்கள்தாம் முதலில் பலியாகின்றன என்பதை நான் படித்தபோது வியந்தேன். நம் உடலுக்கு வேண்டிய ஒரு புரதமே பகைவனுக்குக் கைப்பிடியாகிவிடுகிறது.

இந்தக் குழாயின் முழு வடிவம் 1996இல் வெளியானது. அதே ஆண்டு, இதே துளை வழியே மரபணு இழையை மின்னழுத்தத்தால் இழுத்துச் செலுத்த முடியும் என்று ஆய்வாளர் காஸியானோவிச்சும் தோழர்களும் காட்டினார்கள். நானோதுளை வழியே மரபணு வரிசையை வாசிக்கும் கருவிகளுக்கு அந்தச் சோதனை வழி திறந்தது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் பாடநூலில் அந்தப் படத்தின் பக்கத்தில் பண்டபெர்க் என்ற பெயரையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம், அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறிவு 1928இலேயே இருந்தது. கிருமித்தடுப்புப் பொருள் இல்லாத மருந்தைப் பலமுறை எடுக்கும் குப்பியில் தரக்கூடாது என்று குழு பரிந்துரைத்தது. அதற்கு ஏழு புரதங்களின் வடிவம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

நாளை உங்களில் பலர் ஆய்வகத்துக்கும் மருந்துத் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறீர்கள். திறந்த குப்பியின் மேல் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஐயம் வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். உங்களைவிட மூத்தவர் கையில் அந்தக் குப்பி இருந்தாலும், தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, இதை எப்போது திறந்தீர்கள்?"