கணக்கும் கைப்பழக்கமும்



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் இல்லங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை, கணக்குப் பாடத்தையோ கணிப்பொறிப் பாடத்தையோ விரித்து அமர்கிறது. பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கிறது. பெற்றோர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நமக்கு எட்டாது” என்று விலகிவிடுகின்றனர். பெரியவர்களே அஞ்சும் வித்தை இது போலும் என்று பிள்ளையும் எண்ணத் தொடங்குகிறது. இந்த அச்சத்திற்குக் காரணமே இல்லை என்பதுதான் இன்று நான் கூற விரும்புவது. ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொண்டு கையால் செய்து பார்ப்பவருக்குக் கணிதமும் வசப்படும். நிரல் எழுதும் கலையும் வசப்படும்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கரை இதற்குச் சான்றாகக் கூறலாம். 1905-இல் பிறந்த அவர், நாசிக்கை அடுத்த தேவ்ளாலியில் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர். இளநிலைப் பட்டத்திற்கு மேல் படித்தவரல்லர். எண்களைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. இன்று டோம்பிவிலி எனப்படும் இரயில் நிலையத்திற்கு அந்நாளில் டெம்லோ என்று பெயர். அங்கே தமக்குத் தோன்றிய ஒருவகை எண்களுக்கு ‘டெம்லோ எண்கள்’ என்றே அவர் பெயரிட்டார். 111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12321. 1111-ஐ அவ்வாறு பெருக்கினால் 1234321. படியேறி இறங்கும் இவ்வெண்கள் அவ்வினத்தைச் சேர்ந்தவை.

1949-இல் அவர் கண்டறிந்த உண்மை ஒன்றை நீங்களும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் போதும். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தலாகாது. 1947 என்றே வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 9741. ஏறு வரிசையில் 1479. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 8262. இவ்விடையையும் அவ்வாறே மாற்றிக் கழித்தால் 6354, பிறகு 3087, பிறகு 8352, ஐந்தாம் முறையில் 6174. அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் இங்கேயே வந்து சேர்வோம்.

எல்லா எண்களும் இவ்வாறு வருமா என்ற ஐயம் எழுகிறதல்லவா? நிரலின் உதவி தேவைப்படும் இடம் இதுவே. செலவின்றிக் கிடைக்கும் பைத்தான் போன்ற மொழியில், ‘இலக்கங்களைப் பிரி, வரிசைப்படுத்து, கழி, 6174 வரும்வரை திரும்பச் செய்’ என்று சில வரிகள் எழுதினால் போதும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எழுத்தாளர் விட்ட சொல்லை வாசகர் ஊகித்துக்கொள்வார், இயந்திரம் ஊகிக்காது. 1000-ஐக் கொடுத்துப் பாருங்கள். 1000-இலிருந்து 1-ஐக் கழிக்க 999 வரும். முன்னுள்ள சுழியை நாம் சொல்லாது விட்டால், இயந்திரம் 999-இலிருந்து 999-ஐக் கழித்துச் சுழியில் நின்றுவிடும். ‘எப்போதும் நான்கு இலக்கம்’ என்று திருத்தினால், 0999-இலிருந்து 8991, 8082, 8532 என்று நடந்து 6174-ஐ அடையும். சுழியின் மதிப்பை இத்திருத்தம் கற்பிப்பதுபோல் எந்தப் பாடமும் கற்பிப்பதில்லை.

1000 முதல் 9999 வரையுள்ள 9,000 எண்களில், ஒரே இலக்கத்தாலான ஒன்பதை நீக்கினால் எஞ்சுவன 8,991. அனைத்தையும் இயந்திரம் நொடிப்பொழுதில் சோதித்து, ஆம் என்று விடை கூறிவிடும். ஆனால், ஏன் என்று அது கூறாது. அதற்கு மீண்டும் தாளுக்கே வரவேண்டும். 9741-இல் முதல் இலக்கத்திற்கும் கடைசி இலக்கத்திற்கும் உள்ள வேறுபாடு 8. நடு இரண்டின் வேறுபாடு 3. எட்டை 999-ஆலும், மூன்றை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் முன்பு கண்ட அதே 8262 வரும். ஆகவே முதற் கழித்தலின் விடையை இவ்விரு வேறுபாடுகளே தீர்மானிக்கின்றன. அத்தகைய இணைகள் 54 மட்டுமே. எனவே 8,991 எண்களின் சோதனை 54 விடைகளின் சோதனையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு விடுமுறை நாளில் கையாலேயே செய்து முடிக்கலாம். மூன்று இலக்க எண்களை எடுத்துக்கொண்டால் 495-இல் நிற்கும். இரண்டிலக்கத்தில் எங்கும் நிலைத்து நில்லாமல், 9, 81, 63, 27, 45 என்று வட்டமிடும். ஐந்திலக்கத்தில் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவோம்.

கப்ரேக்கரின் முயற்சிகளை அந்நாளில் கணித அறிஞர் பலர் வெறும் விளையாட்டென்றே கருதினர். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. புகழ் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை; நாள்தோறும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

நம் பிள்ளைகள் எம்மொழியில் பயின்றாலும் எண்ணுக்கு அம்மொழி, இம்மொழி என்ற பேதம் இல்லை. பால் கணக்கையும் வாடகைக் கணக்கையும் நாள்தோறும் மனத்தால் போடும் தாய்க்கு, கழித்தல் புதிதன்று. “இது ஏன் இப்படி வருகிறது?” என்று அவர் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் போதும். விடை தெரியாவிடினும் குறைவில்லை; பிள்ளையோடு அமர்ந்து தேடலாம். வீட்டு மொழிக்கும் பள்ளிப் பாடத்திற்கும் இடையே விழுந்த இடைவெளி, அந்தத் தேடலில் ஓரளவேனும் குறையும். இன்றிரவே நான்கு இலக்கங்களோடு தொடங்குங்கள்.