கப்பம் கட்டிய அரசி

உரோமப் பேரரசின் எல்லைகளில் ஒரு வகை அரசர்கள் இருந்தனர். முடி அவர்களுடையது, அதை விட்டுவைத்த அருள் உரோமருடையது. பிரித்தானியத் தீவின் வடபகுதியில் பிரிகாண்டியர் என்னும் குடியினரை ஆண்ட கார்ட்டிமாண்டுவா அத்தகைய அரசி. தன்னிடம் அடைக்கலம் புகுந்த கராட்டகஸ் என்னும் வீரனைக் கி.பி. 51-இல் உரோமரிடம் ஒப்படைத்தாள், கி.பி. 69-இல், பிரிந்துபோன கணவனின் கலகத்தால் நாட்டை இழந்தாள். அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக் கொடுத்தவளை நம் நெஞ்சம் மன்னிக்காது. ஆயினும், பேரரசுக்குப் பணிந்த அரசியர் அனைவரையும் அந்த ஒரே தராசில் நிறுக்கலாகுமா?

நேயர்களே, நம் விருதுநகர், சாத்தூர்ப் பகுதிகளும் அடங்கிய மதுரை நாட்டை 1689 முதல் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் ஆண்ட இராணி மங்கம்மாளை நினைத்தே இதைக் கேட்கிறேன்.

அவருடைய மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கனைப் பற்றி ஒரு கதை உண்டு. முகலாயப் பேரரசரின் செருப்பு ஒன்று யானைமீது ஊர்வலமாக வந்ததாம். வழியிலிருந்த மன்னரெல்லாம் அதனை வணங்கினராம். இவனோ அதைத் தன் காலிலேயே மாட்டிக்கொண்டு, கொண்டுவந்தவர்களை விரட்டிவிட்டானாம். அவன் 1689-இல் அம்மை நோயால் மாண்டான். அதன்பின் நான்கே ஆண்டுகளில், 1693-இல், தாய் முகலாயருக்குக் கப்பம் கட்டினார். இதனைக் கோழைத்தனம் என்று விடைத்தாளில் எழுதிய மாணவர் பலர். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வந்ததில்லை. மகனின் கதை அவ்வளவு இனிது!

ஆனால் தாயின் நிலையைப் பாருங்கள். மருமகளும் பிள்ளைப்பேற்றையடுத்து இறந்துபோனாள். முடிசூட்டப்பட்ட பேரன் விசயரங்கச் சொக்கநாதன் மூன்று மாதக் குழந்தை. பீசப்பூர் 1686-இலும், கோல்கொண்டா 1687-இலும் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்துவிட்டன. தளபதி சுல்பிகர்கானின் படை செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது. அங்கிருந்து தலைநகரான திருச்சிராப்பள்ளி எத்தனை நாள் பயணம்? கப்பம் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவுமில்லை. தஞ்சை மராட்டியர் கவர்ந்திருந்த இடங்கள் சிலவற்றை முகலாயர் துணைகொண்டே மீட்டார். தமக்குக் கப்பம் செலுத்தத் தவறிய திருவிதாங்கூரின்மீது படையனுப்பினார். கப்பம் கட்டியவரே கப்பம் கேட்டார் என்பது வேடிக்கைதான்; அக்கால அரசியல் அது. 1702-இல் இராமநாதபுரத்தின் மேல் ஏவிய படை மட்டும் தோற்றது. தளவாய் நரசப்பையன் களத்தில் மாண்டான்.

செலுத்திய பொன்னுக்கு ஈடாகக் கிடைத்த அமைதியில் அவர் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரிலுள்ள சத்திரம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பழைய சாலைக்கும் மங்கம்மாள் சாலை என்றே பெயர். அத்திசையில் இன்று நான்குவழிச் சாலையில் சிவகாசிச் சரக்கேற்றிய லாரிகள் விரைகின்றன. சித்திரை வெயிலில் சாத்தூர்க் கரிசலைக் கால்நடையாகக் கடந்தவருக்கே சாலையோர மரநிழலின் அருமை தெரியும்.

1706-ஆம் ஆண்டளவில் ஆட்சி கைமாறியது. பேரன் தரப்பினர் அவரைச் சிறையிலிட்டு, உணவின்றி மடியவிட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாட்டி கப்பம் கட்டிக் காத்த முடியை அணிந்து, அப்பேரன் 1732 வரை அரசாண்டான்.